பாதியில் போர்த்திய பொன்னாடை

நம்மவர்களுக்கு அமைதி ஆகாது. மண்டபத்தில் மைக் ஒரு கணம் சும்மா இருந்தால் போதும், யாராவது ஓடிப்போய் அதைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்பார்கள். எனக்கு நேர்ந்த அவமானத்துக்கு இந்த இயல்புதான் காரணம் என்று வெளியே சொல்லித் திரிகிறேன். (உண்மையான காரணம் என் வாய்ச்சவடால். அதை வீட்டுக்குள் மட்டும் ஒப்புக்கொள்வேன்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கனடாவின் விட்பியில் குடியிருந்துகொண்டு, தினமும் ரயிலேறி ரொறன்ரோவுக்கு வேலைக்குப் போய்வந்தேன். நண்பன் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் சிந்துஜாவைச் சந்தித்தேன். அவள் ஒரு சமூக இசைக்குழுவில் செலோ வாசிப்பவள். செலோ என்றால் வயலினின் பெரியண்ணன், முழங்காலுக்கிடையில் நிறுத்தி வாசிக்க வேண்டும். வேல்ஸ் நாட்டு இசையமைப்பாளர் ஒருவரின் படைப்பைப் பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். (பெயர் வேண்டாம். மனிதர் இன்னும் இருக்கிறார், வழக்குப் போட்டாலும் போடுவார்.)

"அவரைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாமலோ! எல்லாம் கேட்டிருக்கிறன். ஆனா அவற்ர ஆரம்ப கால வேலையள்தான் உண்மையில திறம்," என்றேன்.

அந்த நிமிடம்வரை வேல்ஸ் என்பது தனி நாடா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்திருந்தால், இருக்கிற பொய்யோடு இன்னும் நாலு பொய்யை நீங்களும் சேர்த்திருப்பீர்கள்.

பழக்கம் வளர்ந்தது. அந்த இசையமைப்பாளரும் நேரில் வரவிருந்த கச்சேரிக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவள் ஒரு குண்டைப் போட்டாள்.

"அப்பா ஃபர்ஸ்ட் டைம் என்ர கொன்சேர்ட்டுக்கு வாறார். நீங்க அவருக்குப் பக்கத்தில இருந்து எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்கோ. கடைசியில எனக்கு ஒரு சோலோ இருக்கு. அது அவருக்குப் பிடிச்சால்தான் எங்கட விஷயத்தை நான் வீட்டில கதைப்பன். ஓகே?"

அவளுடைய அப்பா ஒரு பழைய மாணவர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். அவர் கார் ட்ரங்கில் பனி தள்ளும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பொன்னாடைகள் இருக்கும். எந்த மேடையில் எவர் அகப்படுவார் என்று யாருக்குத் தெரியும்? மகளின் செலோவை மட்டும் அவர் மதித்ததேயில்லை. "வயலின் எண்டாலும் கோயில்ல வாசிக்கலாம், உந்தப் பெட்டியை வைச்சு என்ன செய்யிறது?" என்பாராம்.

நான் ரயிலில் தீவிரமாகப் படித்தேன். இசையமைப்பாளரின் வாழ்க்கை வரலாறு மனப்பாடம். அன்று வாசிக்கப்போகும் படைப்பையும் காதில் மாட்டிக் கேட்டேன். ஒரு இடத்தில் சத்தம் நின்றது. முடிந்ததாக்கும் என்று சினிமாப் பாட்டுக்கு மாறிவிட்டேன். கடைசியில் வரவேண்டிய செலோ சோலோ எங்கே என்று என் மூளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கச்சேரி நாள். அங்கிள் கோட்டும் சூட்டுமாக வந்து பக்கத்தில் அமர்ந்தார். கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தார். அதனால் நிகழ்ச்சிக் கையேட்டில் இசையமைப்பாளரின் பெரிய படத்தை மட்டும் பார்த்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"இவர் ஆற்ர பொடியன்?"

"தகப்பன் கல்லுடைக்கிற இடத்தில வேலை செய்தவர், அங்கிள். இவர் சின்ன வயசிலேயே சேர்ச்சில ஓர்கன் வாசிச்சவர். பிறகு பித்தளை வாத்தியக் குழுக்களுக்கு எழுதினவர். ரீவித் தொடர்களுக்கும் இசை போட்டவர்."

"கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்திருக்கிறார். கலியாணம்?"

"ரெண்டு தரம்."

"ம்ம்."

பேச்சை மாற்றுவதற்காக, அவர் எழுதிய இசை நாடகத்தையும், யாழ் மாதிரியான ஹார்ப் வாத்தியத்துக்கு எழுதியதையும், நோயில் செத்துப்போன செம்மறியாடுகளுக்காக எழுதிய இரங்கல் இசையையும் சொன்னேன்.

"ஆட்டுக்கோ?" என்றார். "நாங்கள் கறியெல்லோ வைக்கிறனாங்கள்!"

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, இண்டைக்கு வாசிக்கிறது என்னத்தைப் பற்றி?"

வரலாறு படித்தேனே தவிர இதை நான் படிக்கவில்லை. "வசந்தகாலம் அங்கிள். பனி உருகுறது. ஒரே சந்தோசம்," என்றேன்.

"எப்ப கை தட்டுறது?"

"நான் தட்டேக்க நீங்களும் தட்டுங்கோ."

"முடிஞ்ச உடன சொல்லும் தம்பி. எனக்கு ஒரு அலுவல் இருக்கு," என்று காலடியில் இருந்த பிளாஸ்டிக் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பையில் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இசை தொடங்கியது, பெருகியது, பிறகு மெல்ல மெல்ல ஒடுங்கி நின்றே போனது. இசைக்குழு நடத்துநரின் கை அந்தரத்தில் நின்றது. எவரும் அசையவில்லை. பாவம், இந்தச் சனத்துக்கு முடிந்தது தெரியவில்லை, தெரிந்த ஒருவர் தொடங்கிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். எழும்பி நின்றேன். ஓங்கித் தட்டினேன்.

"முடிஞ்சுது அங்கிள்!"

அங்கிளும் தட்டினார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். அந்த வயதில் அப்படி ஒரு வேகத்தை நான் கண்டதில்லை. முன்வரிசையில் இருந்த இசையமைப்பாளரைப் படத்தில் பார்த்த முகத்தை வைத்தே பிடித்து, "கம் சேர், கம்" என்று கையோடு மேடைக்கு ஏற்றி, சரிகைப் பொன்னாடையை உதறிப் போர்த்தினார். சங்கத்தின் சார்பில் இரண்டு வார்த்தையும் பேசினார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் படம் எடுக்காமல் பிடித்த கையை விடுவது எங்கள் மேடைகளில் வழக்கமில்லையே! இருவரும் சபையைப் பார்த்தபடி நின்றார்கள். அங்கிள் கண்ணைச் சுருக்கி இருட்டுக்குள் என்னைத் தேடினார்.

"தம்பி! ஒரு படம் எடும்!"

எடுத்தேன். ஃபிளாஷோடு.

சிந்துஜா செலோவின் வில்லை உயர்த்தியபடி உறைந்துபோய் இருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். ஐயோ, அந்தப் பார்வை! இப்போதும் நான் தேநீரில் சீனி போட மறந்தால் அதைக் காணலாம்.

இசையமைப்பாளர் பெரிய மனிதர். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, செலோவுக்குப் பக்கத்தில் கிடந்த வெறும் கதிரையில் அங்கிளை மெதுவாக இருத்தினார். நடத்துநரைப் பார்த்து, தொடருங்கள் என்று தலையசைத்தார். மறுபடியும் அதே அமைதி. அதற்குள்ளிருந்து சிந்துஜாவின் செலோ தனியாக எழுந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் கேட்டதேயில்லை. எங்கே தட்டிவிடுமோ என்று பயந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் இருந்தேன்.

வெளியே வந்ததும் அவள் வெடித்தாள். "எல்லாம் கேட்டிருக்கிறன் எண்டீங்களே! சோலோவே வரேல்ல, அதுக்குள்ள எப்பிடி முடியும்? லைக், சீரியஸ்லி?"

"சத்தம் நிண்டது... முடிஞ்சுதெண்டு நினைச்சு நான் நிப்பாட்டிட்டன்," என்றேன். வேறு பொய் கைவசம் இல்லை.

அங்கிள் மட்டும் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பிள்ளை, உது என்ன கதை?" என்று கேட்டார்.

"அணை கட்டுறதுக்காக அங்க ஒரு ஊரையே தண்ணிக்குள்ள விட்டிட்டாங்கள் அப்பா. அந்த சைலன்ஸ்தான் தண்ணி மூடுறது. பிறகு நான் வாசிச்சது, தண்ணிக்கடியில அடிக்கிற சேர்ச் மணி."

அங்கிள் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "வசந்தகாலம் எண்டீரே தம்பி. ஊர் போன கதை எண்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தால் நான் கதிரையை விட்டு எழும்பியிருப்பனோ?"

தரை பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. கார் நிறுத்துமிடத்துத் தார் அசையவில்லை.

அவர் செலோப் பெட்டியை மகளிடமிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "மணியைக் கிட்ட இருந்து கேட்டனான் பிள்ளை," என்றார். அவள் அழுதுவிட்டாள்.

என்னோடு அவள் பல மாதம் கதைக்கவில்லை. கடைசியில் எனக்காகப் பரிந்து பேசியவர் அங்கிள்தான். "சொன்ன ரெண்டு பொய்யிலயும் பிடிபட்டிட்டான். உப்பிடி ஒருத்தன் மாப்பிள்ளையா வந்தால் பயமில்லாமல் இருக்கலாம்," என்றாராம்.

இசையமைப்பாளரின் இணையத்தளத்தில் இன்றும் அவர் பொன்னாடையோடு நிற்கும் படம் இருக்கிறது. சற்றே கோணலாக, நல்ல வெளிச்சத்தோடு. அந்தப் படைப்பைத் திருத்தி வெளியிட்டபோது அமைதி வரும் இடத்தில் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்: யாராவது மேடைக்கு ஏறினால் ஒரு கதிரை கொடுக்கவும்.

எங்கள் குடும்பத்தில் கலியாணம், பூசை, எதுவானாலும், மாமாவாகிவிட்ட அங்கிள் என்னைத்தான் பார்ப்பார். "மருமகன் முடிஞ்சுது எண்டால் இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு. எல்லாரும் இருங்கோ." சனமும் சிரித்துக்கொண்டே இருக்கும்.

சற்று முன்னர், இதை எழுதிவிட்டு, "அப்பாடா, கட்டுரை முடிஞ்சுது!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்த அறையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு செலோவில் மணி ஒருதரம் அடித்தது.