மாடியில் இருப்பது பெரிய அண்டங்காக்கைதான்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு (இன்னும் அப்படிக் கூப்பிட உரிமை இருக்கிறது என்ற நம்பிக்கையில்),

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. தங்கள் வீட்டிலாவது அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிச்சயித்த கல்யாணம் ஒரு காக்கையால் நிற்கிறது என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பெண்ணும் பறவை ஆராய்ச்சி, மாப்பிள்ளையும் பறவை ஆராய்ச்சி, பேச விஷயம் இருக்கும் என்று நாம்தானே பார்த்துப் பார்த்து முடித்தோம்? எங்கள் மாடித் தண்ணீர்த்தொட்டியில் வந்து உட்காரும் பறவையை மாப்பிள்ளை பெரிய அண்டங்காக்கை என்றார். என் மகள் சின்ன அண்டங்காக்கை என்றாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பெரியதற்குத் தொண்டை இறகு தாடியாகத் தொங்குமாம், கடைசிக் 'கா'வை இழுக்குமாம். சின்னதற்குத் தாடி அவ்வளவாகக் கிடையாது. ஒவ்வொரு கத்தலுக்கும் இறக்கையை உதறுமாம். "கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடுங்க"ன்னு இவள் சொல்ல, "காது கேக்கலைன்னா டாக்டரைப் பாரு"ன்னு அவர் சொல்ல, நிச்சயதார்த்த மோதிரம் கழன்று மேசைக்கு வந்துவிட்டது.

நான் தையல்காரன். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டைத் தைத்துக்கொண்டே கவனிக்கலாம் என்று மாடிக்குப் போனேன். அதைக் கத்தவைக்க நானே முதலில் கத்தினேன். காக்கை வாயைத் திறக்கவில்லை, பக்கத்து மாடியில் துணி உலர்த்திய அம்மாதான் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். என் மனைவி ஏறி வந்து, "தெருவே வேடிக்கை பாக்குது, மானம் போகுது, கீழ வாங்க"ன்னு திட்ட, அவளுக்குச் சமாதானம் சொல்லிட்டுத் திரும்பறதுக்குள்ள அளவெடுக்கிற டேப்பைத் தூக்கிட்டுப் போயிருச்சு சம்பந்தி! பொழப்புல கை வெச்சா விடுவேனா? மறுபடி அது வந்ததும் தொட்டி மேலேயே ஏறிட்டேன். அங்கதான் பாத்தேன், தொண்டைக்குக் கீழ கறுகறுன்னு தாடி! காத்துல ஆடுது!

ஆகவே மாப்பிள்ளை சொன்னதே சரி. மகளை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன். அவள் அழுது முகம் வீங்கிக் கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. கோபத்தை மறந்து இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வரவேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் மனமார்ந்த ஆசிகள்.

என்றும் தங்கள் உறவை விரும்பும்,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாடியில் சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை! மகளோடு சமாதானமாகிவிட்டார். நான் தாடி என்று பார்த்தது, கோட்டிலிருந்து அது பிய்த்துக் கவ்வியிருந்த கறுப்பு உள்துணியாம். அதைக் கீழே போட்டுவிட்டு இறக்கையை உதறி உதறிக் கத்தியதாம். சின்னதுதான் என்று அவரே ஒத்துக்கொண்டாராம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டி மேல் ஏறிப் பார்த்தவன் நான். அது பெரியது என்று இரண்டு பேரும் சொல்லும்வரை கோட்டைத் தரமாட்டேன். கல்யாணத்தை நிறுத்திவையுங்கள்.