மாமனாரைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்திய கதை

கூச்சப்படுகிறவன் கையில் அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. வருடக்கணக்காகப் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மாலையில் செலவழித்துவிடுவான். நானும் செலவழித்தேன். அதுவும், எனக்குப் பெண் கொடுக்க இருந்தவரிடம்.

அப்போது செந்தூல் ரயில் பட்டறையில் எனக்கு வேலை. படிப்பு தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரைதான். ஆள் வாட்டசாட்டமாக இருப்பேன். ஆனால் யாராவது பெயரைக் கேட்டால் தரையைப் பார்த்துத்தான் பதில் வரும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த, ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணியின் மகளை என் சித்தி எனக்குக் கேட்டிருந்தாள். அந்தப் பெண்ணைக் கோயில் திருவிழாவில் ஒரு முறை பார்த்திருந்தேன். அவள் கிடைக்காவிட்டால் சாமியாராகப் போய்விடுவதென்று முடிவும் செய்திருந்தேன். (சாமியார்களும் நாலு பேரிடம் பேச வேண்டியிருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.)

கிராணிக்கு ஒரே ஒரு சந்தேகம். "பையன் வாயத் தொறந்து பேசுவானா? ஊமைக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்" என்றாராம்.

நேரில் போய்ப் பேசிக் காட்டலாமென்றால், அது விஷக் காய்ச்சல் ஊரையே படுக்க வைத்திருந்த வருடம். வெளியாளை வீட்டுக்குள் விட எல்லாரும் பயந்தார்கள். கிராணியின் மகன் ஆங்கிலப் பள்ளியின் காற்பந்துக் குழுவில் ஆடினான். "வெட்டவெளியில வச்சுப் பாத்துக்கலாம். பந்தயத்துக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

பந்தயம் தள்ளிப் போயிற்று. எதிர்ப் பள்ளியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். மறுபடி நாள் குறித்தார்கள். இந்தத் தடவை இவர்களுடைய கோல் காக்கிறவன் படுத்துவிட்டான். என் கல்யாணம் யார் யாருடைய மூக்கு ஒழுகுவதையோ நம்பி நின்றது. கடைசியில் ஆடலாம் என்று உத்தரவு வந்தது, ஆனால் வேடிக்கை பார்க்க ஒருவரும் வரக் கூடாது. வாத்தியார்களும் வேலையாட்களும் உள்ளே வரலாம்; அவர்களும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

சித்தி அசரவில்லை. சித்தப்பா அந்தத் திடலில் புல் வெட்டிக் கோடு போடுகிறவர்.

"திடலச் சுத்திக் கட்டுற கயித்துக்கிட்ட காவலுக்கு ஒரு ஆள் வேணுமாம். நீ போய் நில்லு. கிராணியும் எப்படியாச்சும் உள்ள வந்துருவாரு. கோட்டுப் போட்டிருப்பாரு. பாத்ததும் எலுமிச்சம்பழத்தக் குடுத்துக் கும்புடு. அப்புறம் ரெண்டு வார்த்தை பேசு."

"என்ன பேசறது சித்தி?"

"நான் வந்து பேசினா என்னையத்தான் கட்டி வைப்பாங்க. போடா."

முகத்தில் துணியைக் கட்டியதும் ஓர் அதிசயம் நடந்தது. மூக்கோடு சேர்ந்து கூச்சமும் மூடிக்கொண்டது. கையில் ஒரு தடி, காலடியில் கிருமிக்கு ஒரு வாளி மருந்துத் தண்ணீர். திடலே எனக்குச் சொந்தம்போல் இருந்தது.

நாற்காலியில் கோட்டும் தொப்பியுமாக ஒரு பெரியவர், பாதி முகம் துணிக்குள். இவர்தான் என்று நேரே போய்ப் பழத்தை நீட்டிக் கும்பிட்டேன். அவர் அதை வாங்கி, நகத்தால் கீறி, இரண்டு கையிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டார். கிராணிகளின் வழக்கம் அப்படிப் போலும் என்று இன்னொன்றையும் கொடுத்தேன். அதையும் தேய்த்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. கயிற்றருகே குடையோடு ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கோட்டு, முகத்தில் துணி.

"தம்பி, கயித்தக் கொஞ்சம் தூக்குங்க."

"முடியாது."

"எம் மவன் ஆடறான்."

"எல்லாம் யாரோ பெத்த புள்ளைங்கதான். அப்பன்மாரெல்லாம் உள்ள வந்துட்டா அப்புறம் சட்டம் எதுக்கு?"

"உள்ள ஒருத்தரப் பாக்கணும் தம்பி. முக்கியமான காரியம்."

நாற்காலிப் பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊமையல்ல என்று காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? குரலை உயர்த்தினேன்.

"உள்ள உங்க மருமவனே நின்னாலும் உட மாட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரப் பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

என்னையே கிண்டல் செய்கிறார் என்று வாளியைத் தூக்கினேன். பயமுறுத்தத்தான் தூக்கினேன். ஆனால் வாளிக்கு அது தெரியவில்லை. மருந்துத் தண்ணீர் அவருடைய வேட்டியை முழங்கால் வரை நனைத்துவிட்டது. அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டு, எதிரே இருந்த ரயில் மேட்டில் ஏறிக் குடையை விரித்தார்.

ஆட்டம் முடியும் நேரத்தில் இடது ஓரத்தில் ஆடிய சுருட்டை முடிப் பையன் கோல் போட்டான். கிராணியின் மகன் அவன்தான் என்று சித்தி சொல்லியிருந்தாள். நான் நாற்காலியைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினேன். பையனோ நாற்காலியைத் தாண்டி, என்னையும் தாண்டி, ரயில் மேட்டை நோக்கி ஓடினான்.

"அப்பா, பாத்தீங்களா?"

நான் காலி வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன். நாற்காலிக்காரர் முகத்துணியை இறக்கினார். காய்ச்சல் மேற்பார்வைக்கு வந்த, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் மலையாளத்து டிரஸ்ஸர். "பழம் வேறே உண்டோ? கைக்கு நல்லது" என்று கேட்டார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கச் சித்தி பிரிக்பீல்ட்ஸ் போனாள். நான் பாயைவிட்டு எழவில்லை. திரும்பி வந்தவள் நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

"என்ன சொன்னாரு?"

"'ஊமைன்னு எவன் சொன்னான்? சட்டம்னா சட்டம்னு நிக்கிறான். எம் பொண்ணு வீட்டுக்குள்ள ஒரு பய அத்துமீறி நுழைய முடியாது. நாள் பாருங்க'ன்னாரு. வாளிய மட்டும் கூட அனுப்ப வேணாமாம்."

இப்போது எங்கள் மகன் ஆங்கிலப் பள்ளிக்கு ஆடுகிறான். தடையெல்லாம் போய் வெகுகாலமாயிற்று. யாரும் எங்கேயும் நின்று பார்க்கலாம். ஆனாலும் என் மாமனார் திடலுக்கு வந்ததும், சுற்றியிருக்கும் எல்லார் காதிலும் விழும்படி என்னிடம் கேட்பார்: "தம்பி, எம் பேரன் ஆடறான். பாக்கலாமா?"

முன்பெல்லாம் ஓடி ஒளிந்துகொள்வேன். இப்போது, "கோட்டுக்கு வெளிய நின்னு பாருங்க மாமா" என்று தைரியமாகவே சொல்கிறேன். அவரும் ஒழுங்காகத் தள்ளி நிற்பார்.

பையனுக்குக் காப்பி கொண்டுவரும் என் மனைவிதான் விட மாட்டாள். "எதுக்கும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்குங்கப்பா" என்பாள்.