பெரிய கோயிலுக்கு எதிரே ஒரு கார் அளவு இடம்

தஞ்சாவூர்,
திங்கட்கிழமை, காலை.

மரியே வாழ்க.

அன்பு மகன் ரெஜினுக்கு உன் அப்பா பெரியநாயகசாமி எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். கிளட்சை மிதித்து மிதித்து என் இடது முழங்கால் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. நீ பெங்களூரில் வேளைக்குச் சாப்பிட்டு, ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் நீ "அப்பா, மீட்டிங்" என்கிறாய். முப்பத்திரண்டு வருடம் புவியியல் நடத்தியவனுக்கு ஒன்றை முதலிலிருந்து சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். ஆனாலும் உன் அவசரம் தெரியுமாகையால் பாடத்தின் முடிவை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உனக்குப் பார்த்திருந்த சான்ட்ராவின் சம்பந்தத்தை நான் கெடுத்துவிட்டேன். நீ வாங்கிக் கொடுத்த காரை விற்றுவிடு.

இனி காரணம். சனிக்கிழமை காலை பெண்ணின் அப்பா ரெமிஜியஸும் அம்மா ரோஸ்லினும் நம் வீட்டைப் பார்க்க வேளாங்கண்ணியிலிருந்து வந்தார்கள். அவர் நாகப்பட்டினத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் தினமும் பஸ்ஸில் போய்வந்தவர். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு துண்டு, அளந்த பேச்சு. வீட்டைப் பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், உன் அம்மா விண்ணரசி உன் பட்டமளிப்புப் படத்தை மூன்று முறை துடைத்துக் காட்டினாள். எல்லாம் பாகாகப் போய்க்கொண்டிருந்தது. "பெரிய கோயில ஏழாவது படிக்கிறப்ப எக்ஸ்கர்ஷன்ல வந்து பார்த்ததுங்க. அன்னைக்கும் நான் பஸ்லயே தூங்கிட்டேன்" என்றார் அவர். இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். உன் அம்மா, "இந்தா இருக்கு, பொடிநடையா போனா இருபது நிமிஷம். முடியலன்னா ஒரு ஆட்டோ" என்றாள். நான் விட்டேனா? "வாசல்ல கப்பல் மாதிரி வண்டிய நிறுத்தி வச்சுக்கிட்டு வந்தவங்கள நடக்க விடுறதா? மூணு மணி பஸ்ஸுக்குள்ள பெரிய கோயில், அரண்மனை, எல்லாத்தையும் காட்டிடுறேன்" என்று சாவியை எடுத்தேன். கார் இருக்கிறவன் நடந்து போனால் கார் எதற்கு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைத்தான் நாம் எல்லோரும் பெட்ரோல் போட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பத்து மணிக்குக் கோயிலடிக்குப் போனோம். வண்டி நிறுத்துமிடம் என்று அம்பு போட்ட பலகை இருக்கிறது. அந்த அம்பின் திசையில் போனால் இன்னொரு பலகை, இன்னொரு அம்பு. இரண்டாவது அம்பு முதல் பலகையைக் காட்டுகிறது. நடுவில் வீரையன் என்று ஒருவர், கையில் விசில், தலையில் தொப்பி. யார் அவரை நியமித்தார்கள் என்று அவருக்கும் தெரியாது, கேட்கிற தைரியம் நமக்கும் கிடையாது. "ஃபுல்லு சார், அப்படியே நேரா போங்க!" என்றார். நேராகப் போய்ச் சுற்றி வந்தோம். மறுபடியும் ஃபுல்லு. உதாரணத்துக்குப் பூமியை எடுத்துக்கொள். அது சூரியனைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கும் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. முதல் சுற்றில் கோபுரத்தைப் பார்த்து ரெமிஜியஸ் "ஆகா!" என்றார். இரண்டாவது சுற்றில் "ம்" என்றார். மூன்றாவது சுற்றில் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயிரம் வருடம் முன்னால் இத்தனை கல்லை இழுத்துவந்த யானைகளையும் மாடுகளையும் எங்கே கட்டினார்களோ தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் கல்வெட்டில் எழுதி வைத்திருந்தால் இன்று எத்தனை குடும்பங்கள் அவர்களை வாழ்த்தும்!

சரி, முதலில் அரண்மனை என்று வண்டியைத் திருப்பினேன். அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. ஒரே ஒரு பாத்திரக் கடை வாசல் மட்டும் காலி. அங்கே ஒரு பெயிண்ட் டப்பாவில் சிமெண்டைக் கொட்டிக் கம்பை நட்டு வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஜெகபர் அலி எனக்குப் பழக்கம்தான். "பாய், பத்து நிமிஷம்" என்றேன். "வாத்தியார் சார், இது கஸ்டமர் இடம்ல?" என்றார். "கஸ்டமர் யாரும் காணமே." "வராமலா போயிடுவாங்க? வந்து எடம் இல்லாட்டி திரும்பிப் போயிடுவாங்களே." "நான் கஸ்டமர் ஆயிட்டா?" "அப்ப நீங்க தாராளமா நிறுத்துங்க சார்!" உடனே நாங்கள் நான்கு பேரும் இறங்கி ஒரு இட்லிக் கொப்பரை வாங்கினோம். நம் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. அவர் டப்பாவை நகர்த்தினார், பில் எழுதினார். நான் காரில் ஏறி ரிவர்ஸ் எடுக்கக் கண்ணாடியைப் பார்த்தால், வேறொரு வண்டி அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. மேட்டூரைத் திறந்துவிட்டாலும் தண்ணீரை மேலே இருப்பவர்கள் பாய்ச்சிக்கொள்ள, கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் இல்லையா? அப்படித்தான் இருந்தது எனக்கு. "கொப்பரை நல்ல கனம்" என்றார் ரோஸ்லின். நல்ல மனுஷி.

மறுபடியும் கோயிலடிக்கு வரும்போது மணி பத்தே முக்கால். அப்போதுதான் நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினோம். சாலையின் அந்தப் பக்கம், டீக்கடைக்கும் ஒரு வேனுக்கும் நடுவில், ஒரு கார் அளவுக்கு இடம்! ஆனால் சாலை நடுவே தடுப்புச் சுவர். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வரவேண்டும். அதற்குள் யாராவது புகுந்துவிடுவார்களே என்று நான் தவித்தபோது, அதுவரை பேசாமல் இருந்த ரெமிஜியஸ் கதவைத் திறந்தார். "நீங்க சுத்திட்டு வாங்க சம்பந்தி, நான் எடம் போட்டு வைக்கிறேன்" என்றார். சம்பந்தி என்று சொன்னாரடா! அந்த வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால் நான் வேறெதையும் கவனிக்கவில்லை. அவர் தடுப்பைத் தாண்டிப் போய், முப்பது வருடப் பழக்கத்தில், தோளில் இருந்த துண்டை உதறி அந்த இடத்தின் நடுவில் போட்டார். பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் எவன் துண்டைப் போட்டானோ, அது அவனுடைய சீட்டு. நம் பக்கத்தில் கோர்ட்டு தீர்ப்பை மீறுகிறவன்கூட அதை மீற மாட்டான். அந்தச் சட்டம் தார்ச்சாலைக்கும் செல்லும் என்று அவர் நம்பினார். கூடுதல் பாதுகாப்புக்குத் துண்டின் மேல் தாமே ஏறி நின்றுகொண்டார்.

நான் திரும்பப் போனால் அந்தத் திருப்பத்தில் கயிறு கட்டியிருந்தது. யாரோ பெரிய புள்ளி வருகிறாராம். போலீஸ்காரர், "லெஃப்ட்ல போங்க" என்றார். "அங்க என் சம்பந்தி நிக்கிறாருங்க" என்றேன். "எங்க சம்பந்தி யாரும் அங்க நிக்கல, வண்டிய எடுங்க" என்றார். இடது பக்கம் போனால் ஒருவழிப் பாதை, அதன் முடிவில் பள்ளம் தோண்டிய சாலை, அதன் முடிவில் இன்னொரு கயிறு. நீ சொன்னபடி போனில் மேப்பைப் போட்டேன். அந்தப் பெண் நிதானமாகப் பேசினாள். நிதானமாகவே எங்களை வல்லம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் பின் சீட்டில் உன் அம்மா ஜெபமாலையை எடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் முன்னால் ஒரு அறுவடை மெஷின். தை மாதம் அதைத் தாண்டிப்போக யாரால் முடியும்? சாலையின் அகலம் முழுக்க நிரப்பிக்கொண்டு, அது கல்யாண ஊர்வலத்தில் போவது மாதிரி போனது.

"அவருக்கு ஒரு போன் போடுங்களேன்" என்றேன். ரோஸ்லின் தம் கைப்பையைத் திறந்து காட்டினார். கணவரின் போன் அதற்குள் இருந்தது. "கோயில்ல செருப்பு விடுற எடத்துல கூட்டமா இருக்கும்னு வண்டியிலயே கழட்டி வச்சிட்டு எறங்கிட்டாருங்க" என்று காலடியில் இருந்த செருப்பையும் காட்டினார். கொஞ்ச தூரம் போனபிறகு, "அவருக்கு சுகர் இருக்குங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உன் அம்மா கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை எழுத எனக்குத் தமிழ் போதாது.

கோயிலடிக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். துண்டு கிடந்தது. அதன் மேல் ஒரு ஸ்டூல். ஸ்டூலுக்குப் பக்கத்தில், தலையில் வீரையனின் தொப்பியும் வாயில் வீரையனின் விசிலுமாக, வெறுங்காலோடு நின்று, ரெமிஜியஸ் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என் வண்டியைப் பார்த்தார். வெள்ளைக் கார் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்? விசிலை ஊதி, கையை வீசி, நேராகப் போ என்று காட்டினார். நானும் பயத்தில் நேராகவே போய்விட்டேன். "என்னங்க! நாங்கதாங்க!" என்று ரோஸ்லின் தலையை வெளியே நீட்டிக் கத்திய பிறகுதான் நிறுத்தினேன். அவர் ஸ்டூலை எடுத்தார், துண்டை எடுத்து உதறினார், வண்டியை உள்ளே விடச்சொல்லிக் கை காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

டீக்கடையிலிருந்து வீரையன் ஓடிவந்தார். "உங்க ஆளா சார் இவரு? நான் சாப்புட்டுட்டு வரேன்னு விசில குடுத்தேன். ஒரு வண்டிய உள்ள விடலயே! கார்ல வந்த ஒரு டாக்டரு, துண்ட எடுய்யான்னு சண்டைக்கு வந்தாரு. 'என் சம்பந்தி வருவாரு'ன்னு அதையே சொல்லிக்கிட்டு நின்னாரு சார். நாளைக்கும் வருவாரா?" என்று கேட்டார். பெண்ணைப் பெற்று வளர்த்து, நம் வீட்டில் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த மனிதரிடம், நாளைக்கு வேலைக்கு வருவாரா என்று கேட்கும்படி வைத்தேன். அந்த நேரத்தில் கோயிலுக்குள்ளிருந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மதியத்துக்கு நடை சாத்தியாகிவிட்டது, இனி நாலு மணிக்குத்தானாம்.

அதற்குமேல் ஸ்டியரிங்கைத் தொட எனக்குக் கை வரவில்லை. வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்தோம். ஆட்டோவில் வீட்டுக்கு ஆறே நிமிடம். சாப்பாட்டிலும் அவர் பேசவில்லை. ரசத்துக்குத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பஸ் ஏற்றிவிடும்போது, "நாங்க கலந்து பேசிட்டு சொல்றோங்க" என்றார் ரோஸ்லின். உனக்கு இந்த வார்த்தையின் அர்த்தம் தெரியாது. உன் அக்காவுக்கு வரன் பார்த்தபோது இதை ஏழு வீட்டில் கேட்டிருக்கிறேன். அந்த ஏழு பேரும் இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே மகனே, காரை விற்றுவிடுவோம். கூத்தாநல்லூரில் உன் கூடப் படித்த தௌபீக் பழைய வண்டி வாங்கி விற்கிறான் அல்லவா, அவனிடம் சாவியைக் கொடுத்து, கோயிலடியிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். என் கண்ணில் அது படவே வேண்டாம். சான்ட்ரா நல்ல பெண், உன்னிடம் நாலு வார்த்தை பேசியிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அவளிடம் நீயே என் சார்பில் மன்னிப்புக் கேள். அப்பா நல்லவர், இடம்தான் கிடைக்கவில்லை என்று சொல்லு.

வெயிலில் அலையாதே, வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். ஆரோக்கிய மாதா உன்னை எல்லாப் பாதையிலும், விசேஷமாக ஒருவழிப் பாதையில், காத்து நடத்தட்டும். அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். எனக்கு அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அன்பு அப்பா,
ம. பெரியநாயகசாமி

பின்குறிப்பு, வியாழக்கிழமை: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியவற்றில் நீ வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு. செவ்வாய்க்கிழமை ரெமிஜியஸ் போன் செய்தார். அன்றைக்கு அவர் பேசாதது கோபத்தில் இல்லையாம். "ரெண்டு மணி நேரம் ஃபுல்லு ஃபுல்லுன்னு கத்தி தொண்ட கட்டிப்போச்சு சம்பந்தி. மூணு நாளா வீட்டுலயே சைகைதான்" என்றார். கலந்து பேசிவிட்டார்களாம், சான்ட்ராவுக்கும் சம்மதமாம். நாங்கள் பையன் வீட்டுக்காரர்கள், எங்களுக்கு எதுவும் வேண்டாம், பெண்ணை அனுப்பினால் போதும் என்று முறைப்படி ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டு, "எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு வேணுங்க. அந்த எடத்த மட்டும் விட்டுடாதீங்க. கல்யாணத்துக்கு வர்ற எங்க சனத்த பெரிய கோயிலுக்குக் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே தௌபீக்குக்குச் சாவி கிடையாது. காலையில் டவுன் பஸ்ஸில் போய்க் காரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன், மத்தியானம் உன் அம்மா சாப்பாடு கொண்டுவருகிறாள், சேர்ந்து சாப்பிடுகிறோம். பேச ஆரம்பித்துவிட்டாள். இந்தப் பின்குறிப்பையும் ஸ்டியரிங் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். சற்றுமுன் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "எடுக்கிறீங்களா சார்?" என்றார். "பையனுக்குக் கல்யாணம் முடிஞ்சதும் எடுத்திடுவேங்க" என்றேன். "எப்ப சார் கல்யாணம்?" "தவக்காலத்துல வைக்க மாட்டோம். ஈஸ்டர் கழிச்சு." அவர் விரல்விட்டு எண்ணினார். பின்னால் அவருடைய காரில் மனைவியும் மூன்று குழந்தைகளும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அதுக்கு முன்னாடி ஒரு நாள் அமையாதுங்களா சார்?" என்று கெஞ்சினார். பாவமாக இருந்தது. தவக்காலம் தொடங்க இன்னும் நாலு ஞாயிறு இருக்கிறது. மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊரறிய அறிவிக்க மூன்று ஞாயிறு போதும். பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டேன், நீ உடனே லீவு போடு.