எங்கள் வீட்டுத் தாழை பூக்காத விவரம்

எர்ணாவூர்,
வெள்ளிக்கிழமை காலை

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா மங்கம்மா அவர்களுக்கு,

மாசானம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி கோவிந்தம்மாவும் நலம், என் உடம்பில் உள்ள கீறல்களைத் தவிர. வியாசர்பாடியில் தாங்களும் மாப்பிள்ளையும், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் அம்முவும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். போனில் தங்கள் குரலைக் கேட்டதும் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்தபோது, பேச்சுவாக்கில் எங்கள் வீட்டுத் தாழை மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். உடனே தாங்கள், அம்முவுக்குத் தாழம்பூ ஜடை தைக்கலாம், பூ பிறந்த வீட்டிலிருந்து வரட்டும் என்றீர்கள். நானும் மீசையை முறுக்கிக்கொண்டு, "இன்னா பிரமாதம், வூட்டுக்குப் பின்னாலயே கீது" என்றேன். மரம் இருப்பது சத்தியம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற வருடம், மண் அரிக்காமல் பிடித்துக்கொள்ளும் என்று கிளை ஒடித்து வந்து நானே நட்டது. இப்போது பத்துப் பன்னிரண்டு வேர்களைக் காலாக ஊன்றிக்கொண்டு, எங்கோ புறப்படப் போவதைப் போல நிற்கிறது. பூவை மட்டும் நான் பார்த்ததில்லை. மணலித் தொழிற்சாலைகளின் புகைக் காற்றில் வாசனை தெரியவில்லை, மற்றபடி உள்ளே பூத்துக்கொண்டுதான் இருக்கும் என்று ஏழு வருடமாக நம்பியிருந்தேன். எங்கள் தெருவில் சாம்பிராணி போட்டாலும் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

நேற்று காலை அரிவாளோடு உள்ளே நுழைந்தேன். அந்த ஓலைக்கு இரண்டு ஓரத்திலும் முள், அடியில் நடு நரம்பிலும் முள், போகும்போது வழி விடுகிறது, திரும்பும்போது பிடித்துக்கொள்கிறது, லுங்கியை அங்கேயே விட்டுவிட்டு அரை டிராயரோடு வெளியே வந்தால் என் கையில் இருந்தது பூ இல்லை, அன்னாசிப் பழம். "தாழன்னு சொல்லி அன்னாசியா வளத்துக்கினு கீற?" என்று கோவிந்தம்மா அதை அறுக்கப் போய் கத்தி முனை உடைந்தது. கல்யாணங்களுக்குப் பிரியாணி சமைக்கும் பக்கத்து வீட்டு சைமா, பிரியாணிக்கு ஊற்றும் தாழம்பூத் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து, "பிளாஸ்டிக் பூவுல தெளிச்சுக் குடுங்கண்ணே, யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். தெளித்துப் பார்த்தோம். கோவிந்தம்மா பூவை முகர்ந்துவிட்டு, "தயிர் பச்சடி எங்க?" என்றாள்.

கடைசியில், முகத்துவாரத்தில் வலை போடும் என் தோஸ்து மாரியப்பன் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தான். "மாமு, இது பொம்பள மரம். இதுல அன்னாசி மாதிரி காய்தான் வரும். ஆம்பள மரத்துலதான் பூவு." எனக்குத் தலை சுற்றிவிட்டது. பெண்கள் தலையில் வைக்கும் பூ ஆண் மரத்துப் பூவா? ஏழு வருடமாக "வாடா ராஜா" என்று சொல்லி நான் தண்ணீர் ஊற்றியது யாருக்கு? "முகத்துவாரத்தாண்ட ஆம்பள மரம் கீது, நான் பூ எடுத்தாறேன்" என்று போனவன் இன்னும் வரவில்லை. சொன்ன நேரத்துக்கு அவன் எங்கும் வந்ததில்லை.

என் கவலையெல்லாம் அம்முவைப் பற்றித்தான். அப்பன் சொன்ன சொல்லில் நிற்கவில்லை என்று சபையில் நாலு பேர் பேசினால் அவள் முகம் சுருங்கிவிடும், அதை என்னால் தாங்க முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு மல்லிகையிலேயே ஜடை தைத்துக்கொள்ளத் தாங்கள் பெரிய மனது வைக்க வேண்டும். அம்முவுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள், மாப்பிள்ளைக்கு அன்பு.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
மாசானம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அம்மு போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிட்டு, "நைனா, அத்தைக்குத் தாழம்பூ வாசன வந்தாலே மண்டயிடி. நீ அன்னிக்கி ஒரு மணி நேரம் மரம் மரம்னு பேசிக்கினு இருந்த. உன் மனசு நோவக் கூடாதுன்னுதான் பூ கேட்டாங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே எழுதியதைக் கிழித்துப் போடவும். மல்லிகையே போதும்.

இதை எழுதி முடிப்பதற்குள் மாரியப்பன் உடம்பெல்லாம் கீறலோடு, ஒரு சாக்கு நிறையத் தாழம்பூவைச் சுமந்துகொண்டு வாசலில் வந்து நிற்கிறான். மணலிக் காற்றையும் மீறித் தெருவே மணக்கிறது. "நம்ம அம்முவுக்கு மாமு" என்று சிரிக்கிறான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூவோடுதான் வருகிறோம். தாங்கள் தலைவலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ளவும்.