மாடி ரூம்ல மீன் வாடை

அன்புள்ள அக்கா பிரகதீஸ்வரிக்கு,

கீரனூர்லேருந்து ஒந் தம்பி அரவிந்த்குமார் எழுதிக்கிறது. இங்க மூக்கத் தவிர மத்த எல்லாம் சொகம். அங்கிட்டு நீயும், வயித்துல இருக்குற என் மருமகப்புள்ளையும், அத்தானும் சொகமா இருக்கணும். போன்ல சொன்னா நீ அழுவ, நான் கத்துவேன், அம்மா போனப் புடுங்கிக்கும். அதான் கடிதாசி. பிச்சை மாமா சாயங்காலம் கோயம்புத்தூர் வாராரு, மாங்கா பைக்குள்ள வச்சு விடுறேன்.

வளைகாப்பு அன்னைக்கு நீ என்ன சொன்ன? 'தலைப்பிரசவத்துக்கு அங்க வர ஆசைதான்டா, ஆனா அந்த ஷீட்டு போட்ட மாடி ரூம்ல மே மாசம் படுத்தா நான் இட்லியாத்தான் எறங்குவேன்'னுட்டு, ஏசி இருக்குன்னு மாமியார் வீட்டுலயே தங்கிட்ட. அம்மா மூஞ்சியப் பாத்தியா நீ? எனக்குப் பொறுக்கல. காலேஜ விட்டுட்டு, கூரையில சூடு எறங்காம இருக்க ஃபோம் அடிக்கப் போறான்னு ஊரே சிரிக்குதுல்ல, அந்த ஃபோம வச்சே அக்காவக் கூட்டியாரேன்னு எங்க ஓனர் ஆத்மநாதன் அண்ணன்ட்ட கெஞ்சி, மிஷினு, ரெண்டு டிரம்மு மருந்து எல்லாத்தையும் திருச்சிலேருந்து ஏத்திட்டு வந்துட்டேன்.

வெள்ளை டிரெஸ்ஸு, மாஸ்க்கு, கண்ணாடின்னு நான் படியேறுனதப் பாத்துட்டு உண்ணாமலை அத்தை 'ஐயையோ, கொரோனா திரும்பிருச்சா'ன்னு கதவச் சாத்திருச்சு. ஷீட்டுக்கு அடியில பூரா அடிச்சேன். போறப்ப தண்ணி மாதிரி போகும், ஒட்டுனதும் பூரி மாதிரி உப்பிக் கெட்டியாயிரும். செவுத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவுல இருந்த சந்தெல்லாம் அடைச்சேன், எறும்புக்குக்கூட வழி இல்ல. அப்பறம் நாலு நாளு யாரையும் உள்ள விடாம ஜன்னலத் தெறந்து போட்டேன், அதுல மட்டும் நான் வெளையாடல. சும்மா பாக்கலாம்னு போன அப்பா உச்சி வெயில்ல போர்வையப் போத்திக்கிட்டுத் தூங்குறாரு. எழுப்புனா, 'ஃபேனக் கொறைடா, குளுருது'ங்கிறாரு. எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா. யாருட்டயும் சொல்லிறாத.

அதுக்கப்பறம்தான் வந்துச்சு வெனை. ஜன்னலச் சாத்துனா மீன் வாடை. ஒனக்கு நல்லபடியா ஆகணும்னு மீனு, கருவாடு எதுவும் வாசப்படி தாண்டக்கூடாதுன்னு அம்மா மகமாயிக்கு வேண்டியிருக்கே, அப்பா வேற நான் ஃபோம் அடிக்கிறதுக்கு மொத நாள்தான் கடக்கரைப் பக்கம் மீமிசல்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்திருந்தாரா, மாட்டுனாரு. 'ஏங்க, எங்க ஒளிச்சு வச்சுத் திங்கிறீங்க?' 'ஒரு துண்டு வாயில வச்சிருந்தா இந்த மீசைய எடுத்துடுறேன்டி!' 'அண்ணே, அந்த மீசையத்தான் மொதல்ல மோந்து பாக்கணும்'னு அத்தை. கட்டிலக் கவுத்தாச்சு, பீரோவ நகட்டியாச்சு. அம்மா சாம்பிராணி போட்டுச்சு. சந்தத்தான் நான் அடைச்சுட்டேனே, பொகை எங்கிட்டுப் போகும்? அம்மா கண்ணு தெரியாம இருமிக்கிட்டே படியத் தேடுது. ஒரு வழியாப் பொகை போச்சு, வாடை போகல. பக்கத்து வீட்டுப் பூனை தெனம் வந்து மேல மூலையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு, சாமி கும்புடுற மாதிரி.

ஓனர் அண்ணனுக்குப் போன் போட்டேன். 'டேய், மருந்து ரெண்டும் சரியாக் கலக்கலைன்னா மீன் வாடைதான் வரும். தானாப் போகாது. அந்த எடத்தச் சொரண்டி எடு. அதுவரைக்கும் மாசமா இருக்குற புள்ளைய உள்ள படுக்க வச்சிராத'ன்னாரு. பூனை பாக்குற அந்த மூலையிலதான் நான் கடைசியா அவசர அவசரமா அடிச்சேன்.

அதனால அக்கா, வா வான்னு உசுர வாங்குன நானே சொல்றேன், வராத. நீ இழுக்குற மூச்சு இப்ப ஒனக்கு மட்டும் இல்ல. ஏசியிலயே இரு. அம்மாட்ட நான் சொல்லித் திட்டு வாங்கிக்கிறேன். இப்பவே கத்திய எடுத்துக்கிட்டு மேல போறேன்.

அத்தானுக்கு வணக்கம். மருமகப்புள்ளைக்கு வெளியில இருந்தே ஒரு முத்தம். மகமாயி ஒங்கூடவே இருப்பா. மாங்காவ ஒரே நாள்ல முடிச்சிராத.

இப்படிக்கு,
ஒன் அவசரக்குடுக்கை
அரவிந்த்குமார்

பின்குறிப்பு: மேல எழுதுனதெல்லாம் அடிச்சுரு. ஃபோம் தங்கமா இருக்கு. மூலையச் சொரண்டுனா உள்ள ஒரு பாலித்தீன் பை, பை நெறையக் கருவாடு. சந்துல சொருகியிருந்தத நான் பாக்காம அது மேலயே அடிச்சு விட்டுருக்கேன். வெளிப்பக்கம் அடைஞ்சு போச்சு, உள்பக்கம் பை மேல ஃபோம் ஒட்டாம கீறல் விட்டுருக்கு, அதான் வாடை பூரா ரூமுக்குள்ளயே சுத்தியிருக்கு. அப்பாவப் புடிச்சேன். 'நான் எங்கடா தின்னேன்? அவதான் போன்ல கேட்டா, கருவாட்டுக் கொழம்பு திங்கணும் போல இருக்குப்பா, அம்மாட்ட சொல்லாதீங்கன்னு'ங்கிறாரு. அடிப்பாவி, நீயா? அம்மா அப்பாவ மொறைச்ச மொறைப்புல நான் படியில எறங்கிட்டேன். ஆனா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'வேண்டுதல் வீட்டுக்குள்ளதானே, கொல்லையில அடுப்பக் கூட்டுங்க'ன்னுச்சு. அப்பா புதுசு வாங்க மீமிசல் பஸ் ஏறிட்டாரு. நான் அந்த மூலை ஓட்டையிலயே எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக்கிட்டு இருக்கேன், இனி சாம்பிராணியும் போகும், எதுவும் போகும். பிச்சை மாமா திரும்புறப்ப ஒன்னயக் கூட்டிக்கிட்டுத்தான் வருவாரு. பொட்டியக் கட்டு.