காயாத சிலிக்கானும் முட்டிவலி மாமனாரும்

கையில் பசை பிதுக்கும் சிலிக்கான் கன் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், எந்த ஆம்பளைக்கும் தான் ஒரு இன்ஜினியர் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்த நினைப்பு என் மாமனாரின் வேட்டியோடு போயிற்று.

எங்கள் வீடு கடலோரத்து நெம்மேலியில். செல்வியும் நானும் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். அரைமனதாகத் தலையாட்டிய மாமனார், மதுராந்தகத்திலிருந்து எப்போதாவது வருவார். ஆனால் ராத்தங்கியதே இல்லை. கேட்டால், "முட்டி வலிக்குதும்மா, உங்க வூட்டு கக்கூஸ்ல குந்த முடியாது" என்பார். அவர் பஸ் ஏறியதும் செல்வி பாத்திரங்களை ணங் ணங் என்று வைப்பாள். (அந்தச் சத்தம் எனக்கானது.)

ஒரு நாள் அவளே முடிவெடுத்தாள். "பழசு பின்னால இருக்கட்டும். உள்ள ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் போட்டுடலாங்க. அப்புறம் நைனா இன்னா சாக்கு சொல்றாருன்னு பாக்கலாம்!"

பைப் வேலையை முடித்த பிளம்பர், பீங்கான் கோப்பையைத் தரையில் உட்காரவைக்க நாளைக்கு வருகிறேன் என்று போனார். போனவர் போனவர்தான். மாமனாரோ ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். "பிளம்பர் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்று எகிறிக் குதித்தேன். செல்வி, நான் ஆணி அடித்த சுவரைப் பார்த்தாள். (அந்தப் பள்ளத்தை மறைக்கத்தான் பெரிய காலண்டர் மாட்டியிருக்கிறோம்.)

போல்ட் போட்டால் புது டைல்ஸ் விரிசல் விடும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, சிலிக்கானை மட்டும் நம்பினேன். அதிலும் கஞ்சத்தனமே இல்லை! கேக்குக்கு கிரீம் வைப்பதுபோல, பீங்கானைச் சுற்றிக் கட்டைவிரல் தடிமனுக்கு அப்பினேன்.

அதோடு விட்டிருக்கலாம். விதி யாரை விட்டது! எங்கள் ஊரில் காற்றே உப்புத் தண்ணீர்தான். துவைத்த துணி காயாது, அப்பளம் நமுத்துவிடும், இரும்பு கேட் துருப்பிடித்துக் கையோடு வரும். இந்தக் காற்றில் பசை எப்படிக் காயும்? சிலிக்கான் மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, ஜன்னலையும் அடைத்தேன். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் போர்த்தி வளர்த்திருக்க மாட்டார்கள்.

தினமும் டேப்பைத் தூக்கி விரலால் தொட்டுப் பார்ப்பேன். வெண்ணெய்! ஈரம் எங்கேயோ புகுந்துவிட்டது என்று இன்னும் இறுக்கி மூடுவேன்.

ஞாயிற்றுக்கிழமையும் வெண்ணெய்தான். அதற்குள் வாசலில் மாமனார், சலவை வேட்டியில்! செல்வி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அதைப் பார்த்த பிறகு, இன்னும் காயவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடிப்போய்க் கவரை மட்டும் பிய்த்துப் போட்டேன்.

"நைனா, உங்களுக்காகவே போட்டது. சும்மா குந்திப் பாருங்க!" என்று செல்வி பெருமையாக அவரை உள்ளே அனுப்பினாள்.

நான் கதவோரம் காதை வைத்தேன். முதலில் 'பிசுக்' என்று ஒரு சத்தம். பிறகு, "ஐயோ! மாப்ள! இன்னாய்யா இது, சுத்துது!"

நல்லவேளை, அவர் தாழ்ப்பாள் போடவில்லை. வடக்கு பார்த்து வைத்த பீங்கான் கிழக்கு பார்த்துத் திரும்பியிருந்தது. அதன்மேல் மாமனார், இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப்பிடித்தபடி. வேட்டி நுனி சிலிக்கானில் முங்கிக் கிடந்தது. கைகொடுத்துத் தூக்கினால், பசையும் நூல் நூலாக அவரோடு எழுந்து வந்தது.

"எவன்யா இத்த பூசுனது?"

"நான்தான் மாமா."

"அதான பாத்தேன்!"

செல்வி காலி டியூபைத் தேடி எடுத்து, பொடி எழுத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்துச் சொன்னாள். காற்றிலிருக்கும் ஈரத்தால்தான் அது இறுகுமாம். மெல்லிசாகப் பூசிக் காற்றாட விட வேண்டுமாம். "ஊரு பூரா ஈரம் கீது! அத்த உள்ள வுடாம போர்த்தி வச்சிகீறியே, நீ இன்னா மனுஷன்!" (கோபம் வந்தால் அவளுக்கு 'ங்க' பறந்துவிடும்.)

வேட்டி பாழ். மாற்று வேட்டி அவர் கொண்டுவரவில்லை. என் லுங்கிகளெல்லாம் கொடியில் ஈரமாகத் தொங்கின. கடைசியில் என் பூப்போட்ட பெர்முடாவை மாட்டிக்கொண்டு, "இத்தோட எப்டிம்மா பஸ் ஏறுவேன்? மானம் பூடும்" என்று உட்கார்ந்துவிட்டார். அன்று ராத்திரி முதன்முறையாக எங்கள் வீட்டில் படுத்தார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம்!

காலையில் எழுந்தவர் நேரே பின்பக்கம் பழைய கக்கூஸுக்குப் போய்விட்டு, ஜம்மென்று வந்தார். முட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

பழைய பசையைச் சுரண்டி, போல்ட் போட்டு, மெல்லிசாகப் பூசி, ஜன்னலைத் திறந்துவிட்டோம். வேட்டி வாங்கித் தந்தும் அவர் கிளம்பவில்லை. "இவர நம்பி வுட்டுட்டுப் போவ முடியாது. கம்மு காயட்டும், கெளம்புறேன்" என்றார். பசை மறுநாளே கல்லாகிவிட்டது. அவர் விரலால் அமுக்கிப் பார்த்து, "இன்னும் காயல" என்றார். அந்த வாரம் முழுக்கக் காயவில்லை.

இப்போது மாதம் தவறாமல் வருகிறார். "எப்பதான் வூட்டுக்கு வருவ?" என்று மதுராந்தகத்திலிருந்து மாமியார் போனில் கத்துவார். மாமனார் செல்வியைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே பதில் சொல்வார்:

"கம்மு இன்னும் காயலடி!"