பஸ் ஸ்டாண்டில் நான் பேசிய அற்புதம்

தியான முகாமுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியவனோடு ஒரே வீட்டில் குடியிருப்பது லேசான காரியம் இல்லை. எங்கள் வீட்டில் அந்தக் கஷ்டத்தை அனுபவித்தவர்கள் அம்மாவும் எஸ்தர் அக்காவும். கொடுத்தவன் நான்.

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம். (அதாவது, சும்மா இருந்தேன்.) முகாமில் பேசிய போதகர், ஆத்துமாவுக்கும் அன்றாடம் ஆகாரம் வேண்டும் என்றார். காலையில் வேதம் வாசியுங்கள், வீட்டு வேலை செய்துகொண்டே ஜெபியுங்கள், தினமும் கொஞ்ச நேரம் ஆண்டவர் சமுகத்தில் பேசாமல் இருங்கள் என்று எளிமையாகத்தான் சொன்னார். நான் வீட்டு வேலையை விட்டுவிட்டு மௌனத்தைப் பிடித்துக்கொண்டேன். அதிலும் கொஞ்ச நேரம் என்பது என் தரத்துக்குக் காணாது என்று தோன்றியதால், விடிந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

"ஏலே, மோட்டாரப் போடு" என்று அம்மா கத்தினால் கண்ணை மூடிப் புன்னகைப்பேன்.

"ஆண்டவரே, இவன் பேசுனாலும் தாங்க முடியல, பேசாட்டாலும் தாங்க முடியல" என்று அடுப்படியிலிருந்தே ஜெபிப்பாள் அம்மா.

இந்த லட்சணத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அக்கா துணி காயப்போடும்போதெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரவேண்டியவர்கள், காலையிலேயே பஸ் ஏறிவிட்டதாகப் போன் செய்தார்கள். அப்பா இல்லாத வீடு. கூட்டிவர நான்தான் போக வேண்டும்.

"அங்கன போயாவது வாயத் தொறந்து பேசு" என்றாள் அம்மா.

"கெடுத்துராதல" என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது.

நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மா கிரேஸ் அத்தையும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். கும்பிட்டேன்.

"எஸ்தரோட தம்பியா மக்கா? அம்மா சுகமா இருக்காளா?"

கையை உயர்த்தி வானத்தைக் காட்டினேன். ஆண்டவர் கிருபையில் நலம் என்று அர்த்தம்.

அத்தைக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயையோ! எப்போ? இப்பதானே போன்ல பேசுனா!"

பதறிப்போய்க் கையை ஆட்டி மறுத்தேன். வாயைத் தொட்டு, 'இல்லை' என்று விரலை அசைத்து, நெஞ்சில் கை வைத்து, என் விரதத்தை விளக்கினேன். அத்தைக்குப் புரிந்துவிட்டது. என்ன, வேறு மாதிரிப் புரிந்துவிட்டது.

"பாவம், பிள்ளைக்குப் பேச்சு வராது போலுக்கே. நம்மகிட்ட யாரும் சொல்லலையே" என்று மகனிடம் கிசுகிசுத்தார்.

"அதனால என்னம்மா? வராட்டா வராம இருந்துட்டுப் போகுது" என்றார் மாப்பிள்ளை. என் தோளில் கை போட்டு, பையைக்கூட என்னிடம் தராமல் அவரே தூக்கிக்கொண்டார்.

மூளையுள்ள எவனும் அந்த இடத்தில் பேசியிருப்பான். எனக்கோ, இது என் ஜெப வாழ்க்கைக்கு வந்த சோதனை என்று பட்டது. (வேலை தேடுவதில் இந்த உறுதி இருந்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன்.)

அத்தை சட்டென்று நின்றார். என் தலையில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். "ஆண்டவரே! இந்தப் பிள்ளை நாவக் கட்டவிழ்த்துவிடும்!" என்று ஆரம்பித்தார். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து நின்றாள். ராயகிரி பஸ்ஸின் ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் முளைத்தன. அத்தையின் கண்ணீர் என் கையில் சொட்டியது. யாரென்றே தெரியாத எனக்காக இவ்வளவு உருகுகிறாரே என்று நினைக்கும்போதே, அவருக்குப் பின்னால் ஒரு பஸ் ரிவர்ஸில் வருவதைப் பார்த்தேன்.

"அத்தை! பஸ்ஸு! தள்ளுங்க!" என்று அலறி, அவரை இழுத்து இந்தப் பக்கம் போட்டேன்.

உரசாத குறையாகப் போன பஸ்ஸை அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்தோத்திரம்! பிள்ளை பேசிட்டான்!" என்று கத்தினார். பூக்கார அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியவர் ஒருவர் நொண்டிக்கொண்டே வந்து, "தாயி, எனக்கு இந்த முட்டு வலி..." என்று வேட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"அத்தை, எனக்கு முன்னாடியே பேச்சு வரும்" என்றேன்.

"வரும் மக்கா, இனிமே நல்லா வரும்!"

ஆட்டோவில் வழியெல்லாம் நான் சொன்னது எதுவும் அவர் துதிப் பாடலைத் தாண்டிப் போய்ச் சேரவில்லை. வீட்டு வாசலிலேயே, "மதினி! ஒங்க மகன் பேசுதான்!" என்று கூவினார்.

அம்மா நடுங்கிப்போனாள். "ஐயோ, என்ன பேசித் தொலைச்சான்?"

பிறகு எல்லாம் வெளியே வந்தது. உள்ளறைக் கதவோரம் அக்காவின் சேலை முந்தானை மட்டும் தெரிந்தது, நடுங்கிக்கொண்டு.

"மன்னிச்சிருங்க அத்தை" என்றேன்.

அத்தை என்னையே பார்த்தார். "நீ பேசாம இருந்தது ஆண்டவருக்காகவா, இல்ல நாலு பேரு பாக்கதுக்கா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று நான் இருந்த ஒரே உண்மையான மௌனம் அதுதான்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அடக்கப் பார்த்து முடியாமல் குலுங்கினார். கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் சிரிப்பும் வெடித்தது. ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். கடைசியில் அத்தையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த தை மாதமே கல்யாணம்.

இன்றைக்கும் கிறிஸ்துமஸ் விருந்தில் நான் ஏதாவது விளக்கிப் பேச ஆரம்பித்தால், அத்தை மெதுவாக எழுந்து வந்து என் தலையில் கை வைப்பார். குடும்பமே கண்ணை மூடிக்கொள்ளும்.

"ஆண்டவரே, அன்னைக்கு அவசரப்பட்டுக் கேட்டுட்டேன். குடுத்ததத் திருப்பி எடுத்துக்கிடும்!"

எல்லாரும் சேர்ந்து 'ஆமென்' சொல்வார்கள். அதில் அம்மாவின் சத்தம்தான் அதிகம்.